நாள்பட்ட முதுகுவலிக்கு அலெக்சாண்டர் பாடங்கள்: படுக்க, எழ, குனியப் புதிதாகப் பழகும் முறை

மூன்று மாதம் தாண்டியும் விடாத முதுகுவலியை நாள்பட்ட வலி என்று கணக்கில் வைக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு இடுப்பு பெல்ட் இருக்கும், பாதி தீர்ந்த தைலம் இருக்கும், எம்ஆர்ஐ படம் வைத்த பெரிய கவரும் இருக்கும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட், இடுப்பில் எடை கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷன், ஓபியாய்டு வகை வலி மாத்திரை மூன்றையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியையும், வலியைத் தானே சமாளிக்க நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பதையும் அது பரிந்துரைக்கிறது.

கற்றுக்கொடுக்கும் முறைகளில் நல்ல ஆய்வுச் சான்று உள்ள ஒன்று அலெக்சாண்டர் முறை. அதன் அடிப்படைப் பாடங்களை வீட்டில் எப்படித் தொடங்குவது, எங்கே தவறும், ஏன் தவறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கிருந்து வந்தது, என்ன சான்று

எஃப். எம். அலெக்சாண்டர் 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் நாடகப் பகுதிகளை ஒப்பிப்பது அவர் தொழில். பாதி நிகழ்ச்சியில் குரல் கம்மிப் போகும். மருத்துவத்தில் தீராததால், கண்ணாடி முன் நின்று தான் பேசும் விதத்தைக் கவனித்தார். பேசத் தொடங்கும்போதே தலை பின்னால் இழுபடுகிறது, தொண்டை கீழே அழுந்துகிறது, மூச்சு சத்தத்தோடு உள்ளே போகிறது. இதெல்லாம் தெரிந்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. பேச வேண்டும் என்று நினைத்தாலே பழைய இழுப்பு வந்துவிடும். 'சரியாகச் செய்' என்று உடலுக்குக் கட்டளை போடுவதை விட்டு, செய்யப் போகும் முன் ஒரு கணம் நிற்கப் பழகியபோதுதான் வழி பிறந்தது. 1904-ல் லண்டன் சென்று, 1955-ல் இறக்கும்வரை இதையே கற்பித்தார். உயிரியலாளர் நிக்கோலாஸ் டின்பெர்கன் 1973-ல் நோபல் பரிசு உரையில் இந்த முறையைப் பற்றி விரிவாகப் பேசினார்.

முதுகுவலிக்கு இது உதவுமா என்று இங்கிலாந்தில் 579 பேரை வைத்துச் சோதித்து, 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. 24 பாடம் படித்தவர்களுக்கு அது 3 நாள். 6 பாடம் மட்டும் படித்தவர்களுக்கு 11 நாள். மசாஜ் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூன்று மாதத்தில் தெரிந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி ஓராண்டில் கரைந்துபோனது. சாதாரண வருமானக்காரர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. 6 பாடத்தோடு மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, 24 பாடத்தின் பலனில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

எல்லாமே ஆசிரியர் கைவைத்துத் தனித்தனியாகக் கற்பித்த பாடங்கள் என்பதை நினைவில் வையுங்கள். படித்து மட்டும் பழகுகிறவருக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் கீழே வரும் முதல் பாடத்தை யார் வேண்டுமானாலும் இன்றே தொடங்கலாம்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்து போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காத்திருந்தால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ வரும் வலி, நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் திடீர் வலி ஆகியவற்றையும் பரிசோதிக்காமல் பயிற்சியில் இறங்கக் கூடாது.

'டிஸ்க் பிதுங்கியிருக்கு' என்று ரிப்போர்ட்டில் பார்த்துப் பயந்து அசையாமல் கிடப்பவர்களுக்கு ஒரு சொல். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இல்லாதவர்களுக்கு, அசைவதைவிட அசையாமல் கிடப்பதுதான் கெடுதல்.

தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு மூட்டுகள்

முதலாவது, தலை கழுத்தின் மேல் உட்காரும் இடம். பலரும் அது பிடரியின் அடியில், சட்டைக் காலர் அருகே இருப்பதாக நினைக்கிறார்கள். இரண்டு காதுக்குள்ளும் விரல் வைத்து, 'ஆம்' என்று மிகச் சிறிதாகத் தலையாட்டிப் பாருங்கள். தலை உருளும் மூட்டு கிட்டத்தட்ட அந்த இரு விரல்களுக்கு நடுவே, மண்டைக்குள் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்தே வைத்திருந்தால், பிடரித் தசை நாள் முழுக்க இறுகி, அந்த இறுக்கம் முதுகு நெடுகக் கீழே இறங்கும்.

இரண்டாவது, தொடை உடம்போடு சேரும் மூட்டு. நின்றபடி ஒரு காலை முன்னால் தூக்குங்கள். தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே மடிப்பு விழும் இடத்தில் விரல் வையுங்கள். குனிய வேண்டியது அங்கேதான். வேட்டியும் சேலையும் கட்டும் இடம் அதற்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே இருக்கிறது. அங்கே தொடை மூட்டு இல்லை, முதுகெலும்பின் கீழ்ப்பகுதிதான் இருக்கிறது. வலி உள்ளவர்கள் பல் தேய்க்கக் குனியும்போது பாருங்கள், பெரும்பாலும் அந்த மேல் இடத்தில்தான் மடிவார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை மடிந்தால் நூறு முறையும் சுமை அதே இடத்துக்குப் போகிறது.

முதல் பாடம்: முழங்கால் மடக்கி மல்லாந்து படுப்பது

ஒரு பாடத்துக்கு மட்டும்தான் நேரம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியவை ஒரு பாய், அதன்மேல் ஒரு ஜமுக்காளம், மெல்லிய அட்டைப் புத்தகங்கள் சில. மெத்தை வேண்டாம். உடல் புதைந்துபோனால், எந்த இடம் இறுகியிருக்கிறது என்று தரை சொல்லிக்கொடுக்காது. தலையணையும் வேண்டாம், அது அழுந்திக்கொண்டே போகும், உயரம் நிலைக்காது.

புத்தக உயரத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். முதுகும் பிட்டமும் படும்படி சுவரோடு நின்று, நேரே பாருங்கள். பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லி, அதோடு 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள். பெரும்பாலோருக்கு 3 முதல் 8 சென்டிமீட்டருக்குள் வரும். கூன் விழுந்த முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். படுத்ததும் சரிபாருங்கள்: மோவாய் கூரையைப் பார்த்துத் தூக்கியிருந்தால் உயரம் போதவில்லை, தொண்டை அழுந்தி எச்சில் விழுங்கச் சிரமமாக இருந்தால் உயரம் அதிகம். புத்தகம் பின்மண்டையைத் தாங்க வேண்டும், கழுத்தைத் தொடக் கூடாது.

1. கால்களை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கையூன்றி ஒருக்களித்துப் படுத்து, பிறகு மல்லாந்து திரும்புங்கள். நேராகப் பின்னால் சாய்ந்து விழ வேண்டாம்.
2. பாதங்கள் தரையில் படியட்டும். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி, இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுப்பளவு அகலம். முழங்கால்கள் கூரையைப் பார்க்க வேண்டும்.
3. முழங்கை பக்கவாட்டில் தரையில் கிடக்க, உள்ளங்கைகளைக் கீழ் விலா எலும்பின்மேல் வையுங்கள்.
4. கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். மூடினால் தூக்கம் வந்துவிடும். தூக்கம் நல்லதுதான், பாடத்துக்கு உதவாது.
5. மனத்துக்குள் மெதுவாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: 'கழுத்து தளரட்டும். தலை முன்னாலும் மேலேயும் போகட்டும். முதுகு நீளட்டும், அகலட்டும். முழங்கால்கள் இடுப்பை விட்டு விலகி மேலே போகட்டும்.' சொல்வதோடு விட்டுவிடுங்கள், எதையும் இழுத்து நீட்ட வேண்டாம்.
6. 15 நிமிடம் ஆனதும், எழ வேண்டும் என்று நினைத்து, உடனே எழாமல் இரண்டு மூச்சு விடுங்கள். பிறகு ஒருக்களித்து, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து எழுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, இடுப்புக்கு அடியில் உள்ள இடைவெளியை மூடுவதற்காக முதுகைத் தரையோடு அழுத்துவது. அந்த வளைவு இயல்பானது. அழுத்தினால் வயிறும் தொடையும் இறுகும், தளர வந்த நேரம் வேலை செய்த நேரமாகிவிடும். சில நாளில் முதுகு தானாகவே கொஞ்சம் இறங்கும், இறங்காவிட்டாலும் குறையில்லை. முழங்கால் உள்ளே சாய்ந்தால் பாதங்களைக் கொஞ்சம் நெருக்குங்கள். வெளியே சாய்ந்தால் அகட்டுங்கள். காலை மடக்கி வைக்கவே முடியாத அளவு வலி உள்ள நாளில், கெண்டைக்காலை ஒரு நாற்காலியின் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் ஐந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்காமல், இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்து இதே சொற்களைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பது நல்ல அளவு. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலை வேலை முடிந்ததும் ஒன்று. நின்று நின்று முதுகு கனத்துப்போகும் கடைக்காரர், ஆசிரியர், சமையல் வேலை செய்பவர்களுக்கு மாலைப் பாடம்தான் முதலில் பலன் தரும்.

இரண்டாம் பாடம்: செய்யும் முன் நிற்பது

இதற்குத் தனி நேரம் தேவையில்லை. போன் அடிக்கிறது என்று வையுங்கள். கை பாயும் முன்பே பிடரி இறுகி, மூச்சு நின்று, தோள் ஏறிவிடும். ஒரு மணியை அடிக்க விட்டு, இரண்டாவது மணிக்கு எடுங்கள். அந்த இடைவெளியில் கழுத்து தளரட்டும் என்று நினைத்தால் போதும். காலிங் பெல், டிராஃபிக் சிக்னலில் பச்சை விழுவது, குக்கர் விசில் எல்லாமே இந்தப் பாடத்துக்கு உதவும். வலிக்குப் பயந்து வாழ்கிறவர்கள், வலி வரும் முன்பே உடம்பை இறுக்கிக் காத்திருக்கிறார்கள். அந்த முன்கூட்டிய இறுக்கத்தைக் குறைக்காமல் எந்த ஆசனமும் எந்த நாற்காலியும் நெடுநாள் உதவாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாம் பாடம்: நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது

சக்கரம் இல்லாத, 45 சென்டிமீட்டர் அளவு உயரமுள்ள கெட்டியான நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் பின்பக்கம் சரிந்திருக்கும். பின்பகுதியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுச் சமப்படுத்துங்கள்.

இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பிட்டத்துக்கு அடியில் கைவிட்டால் இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். எடை அவற்றின்மேல் நேராக இறங்க வேண்டும். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழிருந்து அரைச் சாண் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு கையைப் பிடரியில் வைத்து, வழக்கம்போல எழுந்து பாருங்கள். எழும் கணத்தில் பிடரிச் சதை திரண்டு, மோவாய் முன்னால் நீளுவதைக் கை உணரும். நாம் விட வேண்டியது அதைத்தான்.

மறுபடி உட்காருங்கள். எழ வேண்டும் என்று நினைத்து, எழாமல் ஒரு கணம் அப்படியே இருங்கள். முதல் பாடத்தில் சொன்ன நான்கு வாக்கியங்களையும் மனத்துக்குள் சொல்லுங்கள். பிறகு தலை வழிகாட்ட, உடல் முழுவதும் ஒரே துண்டாக, தொடை மடிப்பிலிருந்து முன்னால் சாயட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வந்ததும் எடை பாதத்துக்கு வந்துவிடும். அப்போது குதிகாலைத் தரையில் ஊன்றினால் உடல் எழும். கையை முழங்காலில் வைத்துத் தள்ள வேண்டியிருந்தால் நாற்காலி உங்களுக்குத் தாழ்வு. ஒரு மணைப்பலகையோ கெட்டியான குஷனோ போட்டு உயர்த்துங்கள்.

உட்காரும்போது முழங்கால்கள் முன்னே, பிட்டம் பின்னே, தலை மேலே என்று மூன்றும் ஒரே நேரத்தில் போக வேண்டும். கடைசி நான்கு விரல் உயரத்தில்தான் எல்லோரும் பொத்தென்று விழுவார்கள். முதுகெலும்பு அந்த அதிர்ச்சியை வாங்கும். எந்த இடத்திலும் நிறுத்தி, மனம் மாறித் திரும்ப எழ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியாக இறங்குகிறீர்கள். ஒரு வேளைக்கு ஐந்து முறை போதும். இருபது முறை செய்தால் அது தொடைப் பயிற்சியாகிவிடும், கவனம் போய்விடும்.

நான்காம் பாடம்: குனிவது, தூக்குவது

பாதங்களை இடுப்பைவிடக் கொஞ்சம் அகலமாக வைத்து, விரல்களைச் சற்று வெளிநோக்கித் திருப்புங்கள். முழங்கால்கள் விரல்களின் திசையிலேயே முன்னால் மடியட்டும். உடல் தொடை மடிப்பில் முன்சாயட்டும். பிட்டம் பின்னால் போகட்டும். தலை உச்சியிலிருந்து வால் எலும்பு வரை நீளம் குறையக் கூடாது. கைகள் தோளிலிருந்து சும்மா தொங்கும். அலெக்சாண்டர் ஆசிரியர்கள் இதைக் குரங்கு நிலை என்பார்கள்.

இதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் வரும். ஒருவர் முதுகை வளைத்துக்கொள்வார். இன்னொருவர் 'முதுகை நேராக வை' என்று கேட்டுக் கேட்டு, கீழ்முதுகைப் பள்ளமாக்கி விறைத்து நிற்பார். இரண்டாமவருக்குத்தான் மாலையில் வலி அதிகம். ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைக் கீழ்முதுகிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் மென்மையாக இருந்து, மூச்சு இரண்டையும் அசைத்தால் நிலை சரி.

இதை வீட்டு வேலையில் கொண்டுபோய் வையுங்கள். பல் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் இதுவே சிறிய அளவில் போதும். முழங்கால் சிறிது மடிந்தாலே முதுகு விடுதலையாகும். சிங்க் மிகவும் தாழ்வாக இருந்தால், உள்ளே ஒரு பேசினைக் கவிழ்த்து அதன்மேல் பாத்திரத்தை வைத்துக் கழுவுங்கள். குட்டையான விளக்குமாறு வைத்துப் பெருக்குவது வலி உள்ளவர்களுக்கு வேண்டாத தண்டனை. நீளக் கைப்பிடி உள்ளதை வாங்குங்கள். வாசலில் கோலம் போடும்போது பாதியில் ஒருமுறை நிமிர்ந்து, இடம் மாறி, மறுபடி குனியுங்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேனின் எடை 20 கிலோவுக்கு மேல். பலருக்கு முதுகு 'பிடித்துக்கொள்வது' இதைத் தூக்கும்போதுதான், அதுவும் கைநீட்டித் தூக்கி, உடலைத் திருப்பும்போது. கேனுக்கு இருபுறமும் பாதம் வரும்படி நெருங்கி நின்று, ஆழமாக மடங்கி, அதை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் கால்களை மாற்றி வைத்துத் திரும்புங்கள். வலி உள்ள வாரங்களில் கேனைக் கவிழ்க்கவே வேண்டாம்; தரையில் வைத்தபடி, மேலே பொருத்தும் பம்பை வைத்து எடுத்துக்கொள்ளலாம். நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தூக்காமல், லேசாகச் சாய்த்து அடி வளையத்தின்மேல் உருட்டி நகர்த்துவதே வழி. குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமப்பவர்கள் பாதித் தூரத்தில் பக்கம் மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு சிறிய வாளிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தரையில் உட்காருவது, நெடுநேர வேலை, நடை

சம்மணமிட்டால் முழங்கால் தொடை மூட்டைவிட உயரத்தில் நிற்கிறதா? அப்படியானால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனும். மணையோ மடித்த போர்வையோ போட்டு, முழங்கால் கீழே இறங்கும்வரை உயர்த்துங்கள். பலருக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் தேவைப்படும். எந்த நிலையிலும் அரை மணிக்கு மேல் இருக்க வேண்டாம். கணினி முன்னால் விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதும், சரிந்து உட்காருவதும், நேரம் நீண்டால் ஒன்றுபோலவே வலிக்கும்.

நடை இந்தப் பாடங்களின் கூட்டாளி. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி வரை கொண்டுபோங்கள். நடக்கும்போது பார்வை எதிரே இருக்கட்டும். போனைப் பார்த்து நடந்தால் தலையின் எடை முழுவதும் பிடரியில் தொங்கும்.

எந்த வேகத்தில் போவது

முதல் இரண்டு வாரம் படுக்கும் பாடமும், செய்யும் முன் நிற்கும் பாடமும் மட்டும். மூன்றாம் வாரம் நாற்காலி. ஐந்தாம் வாரம் குனிவது. சுமை தூக்கப் பழகுவது அதற்கும் பிறகு, முதலில் வெறும் வாளியோடு. பயிற்சியின்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். வலி கால் வழியே கீழே புதிதாக இறங்கினாலோ மரப்பு கூடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆசிரியரிடம் போக வாய்ப்புள்ளவர்கள் போக வேண்டும். நம் உணர்வு நம்மை ஏமாற்றும். வளைந்தே பழகியவருக்கு நேராக நிற்பது சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றும். பயிற்சி பெற்ற கை அதைத் தொட்ட உடனே காட்டிக்கொடுக்கும். லண்டனில் 1958-ல் தொடங்கிய ஆசிரியர் சங்கம், மூன்றாண்டில் 1600 மணி நேரம் பயிற்சி பெற்றவர்களையே ஆசிரியராக ஏற்கிறது. வேறு யாரிடம் போனாலும் எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் இவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆசிரியர் கிடைக்காதவர்கள் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் போய், எழுவதையும் குனிவதையும் செய்துகாட்டித் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நாற்காலியில் எடுத்து, தலை பின்னால் இழுபடும் கணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.